ஓட்டையில்லாத பாராசூட்

எங்கள் ராக்கெட் கிளப்பின் பலகையில் டெய்லர் மாஸ்டருக்கு நேரே ஏழு வருடமாக முட்டைதான். அவர் ராக்கெட் பறக்காமல் இல்லை. பறந்து, திரும்பி வருவதில்லை.

எங்கள் ராக்கெட் என்பது முழங்கை நீளக் காகிதக் குழல். அடியில் விரல் பருமனுக்கு வெடிமருந்துக் குப்பி. சுவிட்சை அழுத்தினால் சீறிப் போகும். உச்சியில் மூக்கு கழன்று பாராசூட் விரியும். யாருடையது அதிக நேரம் காற்றில் நிற்கிறதோ அவர் ஜெயித்தார். ஒரே ராக்கெட், இரண்டு சுற்று, நடுவில் பாராசூட்டை மட்டும் மாற்றலாம், இரண்டு நேரத்தையும் கூட்ட வேண்டும். கடைசியில் ராக்கெட் நடுவர் மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் முதல் சுற்றும் சேர்ந்தே போய்விடும்.

அதனால் எல்லோரும் பாராசூட்டின் நடுவே ஒரு ஓட்டை போடுவார்கள். காற்று கசியும், பக்கத்திலேயே இறங்கும். மாஸ்டருக்கு மட்டும் கை வராது. கடையில் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டே ஒருமுறை என்னிடம் சொன்னார்: "முட்டியில ஓட்டைன்னா ஜனங்க என்கிட்ட அடைக்கக் கொண்டுவர்றாங்க. நான் போய் நல்ல துணியில ஓட்டை போடவா?"

அவர் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவர். எங்களுக்கெல்லாம் அக்கா. சனிக்கிழமை தவறாமல் டியூட்டி இருக்கும் என்பதால் மைதானத்துக்கு வந்ததே இல்லை. ஏழு ராக்கெட் போனதும், வீட்டுக்காரர் காக்காய்க்குக் கூரை தைக்கிறார் என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இந்த வருடம் லீவு போட்டு வந்தார். வருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: பாராசூட்டில் ஓட்டை இருக்க வேண்டும். முந்தின நாளே நாணயத்தை வைத்துக் கோடு கிழித்து, பாராசூட்டின் நடுவே அக்காவே வெட்டிவிட்டார்.

முதல் சுற்றில் எண்பத்து மூன்று விநாடி. நானும் மருந்துக்கடைக்காரரும்தான் கடிகாரம் பிடித்தோம். நாற்பதடி தள்ளி இறங்கியது. மாஸ்டருக்கு இரண்டாம் இடம். பலகையில் முதன்முதலாக ஒரு எண். முதுகில் தட்டிக்கொடுத்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அளவு தப்பிய சட்டையைப் பார்ப்பதுபோல் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்றுக்கு வெயில் ஏறியிருந்தது. மடிப்பு ஒட்டாமல் இருக்க பாராசூட்டுக்கு முகப்பவுடர் தூவிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை, சட்டைப்பைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கண்ணாடியிலேயே நாற்பது பயணிகளைக் கவனிக்கிறவருக்கு இது தப்புமா?

"பையில என்ன?"

தீப்பெட்டி அளவு மடிப்பாக இன்னொரு பாராசூட் வெளியே வந்தது. ஓட்டையில்லாதது. சண்டை வரும் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். அக்கா அதை உள்ளங்கையில் விரித்தார். காற்றே இல்லை, ஆனாலும் துணி மெல்ல எழும்பியது. இதைக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். மேலே போகும் என்றார் மாஸ்டர். இறங்கத்தானே பாராசூட் என்றார் அக்கா.

பலகையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"கட்டுங்க. ஏழு வருஷமா எதைத் தொலைச்சீங்கன்னு நானும் பார்க்கிறேன்."

கம்பியில் ராக்கெட்டைப் பொருத்திவிட்டு வந்தும் மாஸ்டர் சுவிட்சைத் தொடவில்லை. காற்றின் போக்கு தெரியக் கழியில் கட்டிய நூலையே பார்த்தபடி நின்றார். காற்று செத்தது. தரையிலிருந்து ஒரு வெதுவெதுப்பு முழங்கால்வரை ஏறியது. தொங்கிக்கிடந்த நூல், யாரோ நுனியைப் பிடித்துத் தூக்கியதுபோல் தானாக மேலே எழுந்தது. அழுத்தினார்.

சீறல். புகைக்கோடு. உயரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி பூத்தது. இறங்கும் என்று காத்திருந்தோம். இறங்கவில்லை. ஏறியது. தையல்கடையில் பிறந்த ஒரு சாண் துணி, காகிதக் குழலைத் தூக்கிக்கொண்டு ஏறியது. எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து, அதே காற்றில் சிறகசைக்காமல், அதற்குக் கீழே வட்டமிட்டது. பருந்துக்கு மேலே எங்கள் மாஸ்டரின் தையல்! கழுத்து வலித்தவர்கள் புல்லிலேயே படுத்தார்கள். வாயாடும் கிளப் அது. அன்று நாற்பது பேரில் ஒருவர்கூட இருமவில்லை. எனக்குக் கால் தரையில் இருப்பதே மறந்துபோயிற்று.

ஆறாம் நிமிடம் மருந்துக்கடைக்காரர் அதைக் கண்ணிலிருந்து தவறவிட்டார். பிறகு நானும். விதிப்படி பத்து எண்ணிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தினேன். ஒன்பது நிமிடம், பன்னிரண்டு விநாடி. அக்காவின் விரல் மட்டும் இறங்கவில்லை.

"அதோ. இன்னும் இருக்கு."

அந்தத் திசையில் நாலு பேர் சாயங்காலம்வரை தேடினோம். கிடைக்கவில்லை. நடுவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். ராக்கெட் மேசைக்கு வந்தாக வேண்டும் என்ற விதியை எழுதியவரும் அவர்தான். எண்பத்து மூன்றைத் துடைத்தார். சுண்ணக்கட்டியை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"போடுங்க சார்," என்றார் அக்கா. "முட்டையைப் பெருசாவே போடுங்க. தூரத்துல இருந்தே தெரியட்டும்."

தட்டு அளவுக்குப் போட்டார். மாஸ்டர் அதைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்தபடியே நடந்தவரை, அக்கா முழங்கையைப் பிடித்து, பள்ளம் மேடு பார்த்துத் திருப்பித் திருப்பி, மைதான வாசல்வரை ஓட்டிக்கொண்டு போனார்.