அணைக்காத மைக்

மைக் பாய் லேசில் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை. ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றைக்கூடத் தவறவிடமாட்டார். தவறவிட்டவனைக் கண்டால் சும்மாவும் விடமாட்டார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்பதுகூட அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். “நீங்க ஒருத்தர் போதும், இந்த வீட்டுக்குத் தனியா ஒரு அரசாங்கம் எதுக்கு?” என்று மனைவி சிரிக்காமல் கேட்பாள். பிழைப்புக்கு மிக்சி, மின்விசிறி பழுதுபார்க்கும் கடை. ஆனால் அவர் உயிரெல்லாம் பள்ளிவாசல் மைக்கில்தான். அதைப் பார்த்துக்கொண்டு, அதில் பாங்கு சொல்லும் பொறுப்பை நிர்வாகம் அவரிடம் கொடுத்திருந்தது. தன் குரல் கேட்டுத் தெரு தொழுகைக்கு எழுந்து வருவதைவிடப் பெரிய பாக்கியம் அவருக்கு உலகத்தில் வேறெதுவும் இல்லை.

அந்த வருடம் நிர்வாகம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. இரவு வேலைக்குப் போகும் பெண்களின் திருமணத்தை இனிப் பள்ளிவாசல் நடத்திக் கொடுக்காது. மைக் பாய்க்கு அதில் முழுச் சம்மதம். அதே தெருவில் இருந்த லாரி டிரைவர் ஒருவருக்குத்தான் இல்லை. அவர் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. டிரைவரோ வெள்ளிக்கிழமைகூடப் பள்ளிவாசலை எட்டிப்பார்க்காதவர். அவரைக் கண்டாலே மைக் பாய்க்கு ஆகாது.

பொதுக்கூட்டத்தில் டிரைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். ராத்திரியில் என் மகள் ஊசி போடுவது உங்கள் வீட்டு நோயாளிகளுக்குத்தானே என்று ஆரம்பித்தார். யாரைக் கேட்டு இந்தத் தீர்மானத்தை எழுதினீர்கள் என்று அவர் கேட்டபோது, நிர்வாகத் தலைவரின் முகம் கறுத்தது. மைக் பாயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மைக்கை அணை என்று அர்த்தம்.

மைக் பாயின் விரல் சுவிட்சுக்குப் போயேவிட்டது. பிடிக்காத ஆள், பிடிக்காத பேச்சு. ஒரு தட்டுத் தட்டினால் தொல்லை விட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்குள் ஒரு பயம் வந்தது. தலைவரைப் பற்றிய பயம் அல்ல அது. விரலை எடுத்துக்கொண்டார்.

தலைவர் பக்கத்தில் வந்து குனிந்து, அணைக்காவிட்டால் நாளையிலிருந்து பாங்கு சொல்ல வேறு ஆள் வருவார் என்றார்.

“அணைக்கப்போறது என் கை. மறுமையில கேள்வி என் கைக்குத்தான் வரும், உங்க கண்ணுக்கு வராது. அவர் பேசி முடிக்கட்டும்.”

டிரைவர் பேசி முடித்தார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்து, தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. மைக் அறைச் சாவியை மைக் பாய் தாமே கொண்டுபோய்த் தலைவரிடம் கொடுத்தார். மறுநாள் விடியலில் அவர் பள்ளிவாசலுக்கு நடந்துவரும்போது வேறொரு குரல் பாங்கு சொன்னது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் செய்ததற்கு வருத்தப்படவில்லை.

கடையைத் திறந்ததும் டிரைவர் வந்து நின்றார். எனக்காக இவ்வளவு பெரிய பொறுப்பை இழந்துவிட்டீர்களே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மைக் பாய் கையை விடுவித்துக்கொண்டார்.

“உங்களுக்காக இல்ல. நீங்க பேசினதுல ஒரு வார்த்தைகூட எனக்குச் சம்மதமில்ல. அடுத்த கூட்டத்துல உங்களை எதிர்த்துப் பேசப்போறேன். நான் முடிக்கிறவரைக்கும் எவனும் மைக்கை அணைக்காம நீங்கதான் பாத்துக்கணும்.”