நான் மறைத்த ஏற்புமடல்

நான் பொய்ச்சான்று உரைத்தவன். நீதிமன்றக் கூண்டில் நின்று, மெய்யன்றி வேறுரையேன் என உறுதிமொழிந்து, அதே நாவால் பொய் சொன்னவன்!

இருநூறு ஆண்டுகளுக்கு முன், போர்க்காலத்தில், ஒல்லாந்தராகிய டச்சுக்காரர் முத்துக்குளித்துறையின் பழங்கோட்டை ஒன்றை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். அந்த உடன்படிக்கையில் கோட்டைத் தலைவன் ஒரு விதியைச் சேர்த்தான்: மதிலுக்கு வெளியே சங்கு குவிக்கும் மணல்வெளி, கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாளிகளுக்கே உரியது. அண்மையில் அம்மணலில் ஒரு நிறுவனம் சரக்குக் கிடங்கு கட்ட வேலியிட்டது. குளியாளிகள் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்கிருந்த ஒரே பற்றுக்கோடு அந்த விதி.

முற்றுகையில் சிக்கி, மேலிடத்தின் இசைவின்றிக் கையொப்பமிட்ட அத்தலைவன் அவ்வுரிமையை வழங்க வல்லவனா? இதுவே வழக்கின் வினா. வல்லவனல்லன் என முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நூல் எழுதியவன் நான். அவனைக் கோழை என்றேன். அவன் ஒப்பம் செல்லாது என்றேன். பட்டமும் பொன்னாடையும் வந்தன!

ஆகவே நீதிமன்றம் என்னையே வல்லுநராக அழைத்தது. ஆவணக்காப்பகத்தில் மீண்டும் தேடினேன். தொடர்பில்லாத கட்டொன்றுக்குள் ஆங்கிலேய ஆளுநரின் மடல் கிடந்தது. விதிகள் அனைத்தையும் ஏற்கிறோம் என்றது அது. வென்றவனே ஏற்றபின் தோற்றவனின் அதிகாரத்தை எவன் வினவுவது?

மடலை உள்ளேயே விட்டு, கட்டை முன்போலவே முடிச்சிட்டு வைத்தேன்.

"ஏற்புமடல் ஏதும் உண்டா?" என்று குளியாளிகளின் வழக்கறிஞர் கேட்டார். "கண்டதில்லை" என்றேன்.

ஏன்? கையூட்டா? இல்லை. அச்சமா? அதுவுமில்லை... என் நூலின் ஏழாம் இயல் பொய்த்துவிடும் என்பதற்காக! தூ! நூற்றுக்கணக்கானோரின் மண்ணைவிட ஓர் இயல் எனக்குப் பெரிதாயிற்று.

வழக்குத் தோற்றது. குளியாளிகளின் தலைவர் மிக்கேல் என் இல்லம் தேடி வந்தார். ஆழ்கடல் ஒரு செவியைத் தின்றுவிட்டதால், மறுசெவியை என் பக்கம் திருப்பி அமர்ந்தார்.

"வெசனப்படாதிய ஐயா. இருந்திருந்தா நீங்க சொல்லாமலா இருப்பிய? ஆனா ஒண்ணு, அந்தக் கோட்டைக்காரனைப் பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருக்கியளாம்லா? பீரங்கி மொகத்துக்கு நேரா நிக்கும்போதும் எங்க மணலை நெனச்சிருக்கான்! நீங்க ஒருநா எங்கூட கடலுக்குள்ள எறங்குங்க. பயம்னா என்னன்னு காட்டுதேன்!"

உரக்கச் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"மேல்கோர்ட்டுக்குப் போகணும். வேற கடுதாசி எங்கனயாவது கெடக்குமாய்யா?"

"இல்லை."

அங்கே கூண்டில்லை, நீதிபதியில்லை. என்னை நம்பிய ஒரு மனிதர் மட்டுமே இருந்தார். அவரிடமும்...!

மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பயனற்றுப்போன பின்னர்தான் எனக்கு வாய் திறக்கிறது! படிக்கும் நீங்கள் இரங்க வேண்டாம். முதுமையைக் காட்டி மன்னிப்புக் கேட்கும் இழிவையும் நான் செய்யேன்.

இப்போது அவர்கள் லாரிகள் உரசும் சாலையோரத்தில் சங்கு குவிக்கிறார்கள். நேற்று அவ்வழியே சென்றேன். மிக்கேல் எழுந்து நின்று கைகூப்பினார்.

நானும் கூப்பினேன்... நாணமின்றி, ஆய்வறிஞனுக்குரிய பெருமிதத்தோடு!