கலஹாவில் வலமாகச் சுற்றிய கம்பி விமானம்

ஒரு இறக்கைக்காக எட்டு மாதம் சண்டை போட்டேன். சண்டை முழுவதும் வாட்ஸ்அப்பில் நடந்தது. பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் பஸ் ஏறினேன். அதுதான் இந்தப் பயணத்தின் காரணம். காலம் இந்த வருடம் மார்ச், கண்டியில் மழை ஓய்ந்து வெயில் நன்றாக அடித்த ஒரு சனியும் ஞாயிறும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பி விமானம் என்பது ரேடியோவில் பறப்பது அல்ல. சிறிய எஞ்சின் பூட்டிய மாதிரி விமானம். அதன் இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வரும். நடுவில் நிற்பவர் கையில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். விமானம் நம்மைச் சுற்றிவர, நாமும் கூடவே சுற்ற வேண்டும். ரேடியோ வந்த பிறகு பலர் இதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. பழைய எஞ்சின், கைப்பிடி, கம்பிச் சுருள், எண்ணெய்த் தாங்கி எதைக் கண்டாலும் வாங்குவேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன், கழற்றிப் பூட்டியே கற்றுக்கொண்டேன்.

போன வருடம் அலவத்துகொடையில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த இறக்கையை வாங்கினேன். தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டிச் செய்தது. உள்ளே பெட்டியில் அச்சடித்த எழுத்துகள் பாதிபாதியாகத் தெரிந்தன. ஆனால் கம்பி வெளியே வரும் வளையங்கள் வலது இறக்கையில் இருந்தன. எல்லாக் கம்பி விமானங்களிலும் அவை இடது இறக்கையில்தான் இருக்கும், ஏனென்றால் உலகம் முழுவதும் இவை இடஞ்சுழியாகத்தான் பறக்கின்றன.

சேகரிப்பாளர்களுக்கான குழுவில் படம் போட்டேன். "அங்கிள், இறக்கையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதினார். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு, தலைகீழ் என்றால் வளைவு கீழே போயிருக்கும் என்று பதில் போட்டேன். அப்படியென்றால் செய்தவனுக்கு வேலை தெரியாது, இது ஒருநாளும் பறந்திருக்காது என்றார்கள். பறக்காத விமானத்தின் இறக்கையில் ஆமணக்கெண்ணெய்ப் புகை இவ்வளவு தூரம் படியுமா என்று கேட்டேன். அதற்குப் பதிலாகச் சிரிக்கும் பொம்மைகள் வந்தன. நான் குழுவிலிருந்து வெளியேறினேன். என்னை நீக்கினார்கள் என்று சிலர் சொல்லித் திரிவது பொய்.

சனிக்கிழமை காலை அலவத்துகொடைக்குப் போனேன். கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை தாண்டிப் பதினேழு கிலோமீட்டர். பஸ்கள் அடிக்கடி உண்டு. ஏழரைக்கு முன் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அதற்குப் பிறகு அக்குறணை நெரிசலில் நின்றுகொண்டே போக வேண்டியதுதான், முதியவர் என்று எவரும் எழும்பமாட்டார்கள்.

கடைக்காரர் பாரூக் நானா என்னை மறக்கவில்லை. வாங்கும்போது விலையில் இருபது ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடியவனை யார்தான் மறப்பார்கள். இறக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"அது கலஹாப் பக்கத்தால வந்த சாமான்" என்றார். "கூர மாத்தின ஊடொன்டு. ஒரு டீச்சரம்மாட. தகரத்தோட சேர்ந்து வந்திச்சி. நான் அத பட்டம் எண்டுதான் நெனச்சேன்."

டீச்சரின் பெயர் தெரியுமா என்று கேட்டேன். தகரம் ஏற்றிய லொறிக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். தனலெட்சுமி டீச்சர், கலஹாவில் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன், கோயிலுக்குப் பக்கத்து வீடு. தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தது அவருக்குத்தான் வருத்தம்.

ஞாயிறு காலை இறக்கையைப் பழைய சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பையில் கம்பிச் சுருள், ரப்பர் பட்டைகள், குறடு, ஒரு சிறு போத்தலில் எஞ்சினுக்கான எண்ணெய். பழைய டீசல் எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஈதர் மூன்றும் கலந்துதான் ஊற்ற வேண்டும். எஞ்சின் இருக்கிறதா என்றே தெரியாமல் எண்ணெயைக் கொண்டுபோனேன். நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராதனையில் கலஹா சந்தியில் பஸ் மாற வேண்டும். அங்கிருந்து கலஹா பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளால் ஒரு மணி நேரம் எடுக்கும். பல்கலைக்கழகத்தின் மரங்களைத் தாண்டியதும் இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள், பார்க்க நன்றாயிருக்கும். போத்தலின் வாசனைக்கு கண்டக்டர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்து, கடைசியில் ஜன்னலைத் திறந்துவிட்டார். இதை யாரும் பின்பற்ற வேண்டாம். ஈதர் கலந்த எதையும் பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது. நான் செய்தது தவறு, அடுத்தமுறை ஆட்டோவில்தான்.

கலஹா பஸாரில் ராஜு என்ற ஆட்டோக்காரரைப் பிடித்தேன். மேல் டிவிசனுக்குப் போய், காத்திருந்து, திரும்ப ஆயிரத்து எண்ணூறு கேட்டார். ஆயிரத்து ஐந்நூறுக்குச் சம்மதித்தார். ஏறும் வழியெல்லாம், பொட்டலத்தில் என்ன என்று கேட்டபடியே வந்தார். இறக்கை என்றேன். "எதோட இறக்கைங்க ஐயா?" என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்றேன்.

தனலெட்சுமி டீச்சர் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுக்கு நாலைந்து குறைவாக இருக்கும். கதிரை போட்டு உட்காரச் சொன்னார். சாரத்தை அவிழ்த்ததும் அவர் இறக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். அலுமாரியின் மேலிருந்து விமானத்தின் உடம்பை எடுத்து வந்தார். எஞ்சின் பூட்டியபடி இருந்தது. வாலும் இருந்தது. நடுவில் இறக்கை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கூடவே ஒரு பழைய கைப்பிடி, மரத்தில், விரல்கள் பட்டுப் பட்டு வழுவழுத்துப்போனது.

உங்கள் வீட்டுக்காரர் இடதுகைப் பழக்கமா என்று கேட்டேன். இடதுகைக்காரர் ஒருவர் தன் வசதிக்கு வலஞ்சுழியாகச் செய்துகொண்டார் என்பது என் தீர்மானம். எட்டு மாதம் யோசித்துக் கண்டது.

"வீட்டுக்காரருக்கு இதப் பத்தித் தெரியாது" என்றார் டீச்சர். "செஞ்சது எங்க அண்ணன் ராமையா. ஃபெக்டரியில இருந்தாரு. தோட்டத்த விட்டுப் போன தொர எஞ்சின அவருக்குக் குடுத்துட்டுப் போனாரு. ஓட்டுனது நான். அண்ணனுக்குத் தல சுத்தும்."

அண்ணன் இடதுகையா?

"ரெண்டு பேரும் வலதுகைதாங்க."

அப்படியென்றால் ஏன்? அவர் வாசலுக்கு வந்து கையைக் காட்டினார். வீட்டுக்குக் கீழே கோயில். கோயிலுக்கு முன்னால் ஒரு மைதானம். அந்த டிவிசனில் சமதரையான இடம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் தேயிலைச் சரிவு. அண்ணன் முதலில் எல்லோரையும் போலத்தான் செய்திருக்கிறார். அதை ஒருநாள் பறக்கவிட்டதும் கோயில் தலைவர் வந்து நிறுத்திவிட்டாராம். சாமிக்கு முன்னால் எது சுற்றினாலும் வலமாகத்தான் சுற்ற வேண்டும், இடமாகச் சுற்றினால் டிவிசனுக்கே ஆகாது என்று. அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் இரண்டு கிழமை உட்கார்ந்து வளையங்களை மற்ற இறக்கைக்கு மாற்றினார், நுனியில் வைக்கும் ஈயத்தையும் எதிர்ப்பக்கம் மாற்றினார், சுக்கானையும் திருப்பினார். அண்ணன் இந்தியாவுக்குப் போகும்வரை அப்படியே பறக்கவிட்டார்களாம்.

நான் ஏற்கவில்லை. யாராவது இதற்காக ஒரு விமானத்தையே திருப்பிச் செய்வார்களா? இடதுகைதான் காரணம் என்று கால்மணி நேரம் நின்றேன். டீச்சர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "ஐயா, ஓட்டுனது என் கை. எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். நான் கோப்பையை எடுத்தேன். தேத்தண்ணி நன்றாயிருந்தது.

பிறகு உடம்புக்கு என்ன விலை என்று கேட்டேன். அவர் இறக்கைக்கு என்ன விலை என்று கேட்டார். இறக்கை விற்பனைக்கில்லை என்றேன். உடம்பும் இல்லை என்றார். நான் காசு கொடுத்து வாங்கியது என்றேன். "எங்க கூரையில இருந்து போன சாமான். நான் இல்லாத நேரம் கூர வேல செஞ்ச பாஸ்மார் தகரத்தோட அள்ளிக் குடுத்துட்டாங்க" என்றார். இருவரும் அவரவர் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் நின்ற ராஜுதான் சொன்னார்: "ரெண்டையும் ஒருக்கா மாட்டித்தான் பாருங்களேன். எனக்கும் நேரம் போகுது."

மாட்டினோம். ரப்பர் பட்டைகளும் கம்பியும் நான் கொண்டுபோனவை. இறக்கை தன் இடத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. எஞ்சினைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். உள்ளே உறைந்துபோன ஆமணக்கெண்ணெயே அதைத் துருப்பிடிக்காமல் காத்திருந்தது. நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"உங்க கை இடமாச் சுத்தியே பழகுனது" என்றார் டீச்சர். "முதல் வளைவுலயே மாத்திப் பிடிப்பீங்க. எஞ்சின் உங்க பொறுப்பு. கைப்பிடி எனக்கு."

மைதானத்தில் இறங்கியதும் கோயிலில் இருந்து இப்போதைய தலைவர் வந்தார். என்னைவிட இளையவர், சட்டைப்பையில் இரண்டு போன். விமானத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தப் பக்கமா சுத்தும்?" வலமாகத்தான் என்றார் டீச்சர். "அப்ப விடுங்க" என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் இடதுகைக் கதை முழுவதுமாக விட்டுப்போனது.

எஞ்சின் லேசில் எழும்பவில்லை. விரலால் காற்றாடியைத் தட்டித் தட்டி நகம் கறுத்துவிட்டது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நின்று, இன்னும் ஆகவில்லையா என்று மூன்று தடவை கேட்டார். எஞ்சின் தலையில் உள்ள திருகை இன்னும் கால் சுற்று இறுக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் உள்ளே விட்டுத் தட்டினேன். பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குத் தொழிலாளர் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ராஜு வாலைப் பிடித்திருந்தார். விடச் சொன்னேன்.

புல்லில் கொஞ்ச தூரம் துள்ளியது, பிறகு எழும்பியது. கம்பிகள் இறுகி நின்றன. டீச்சர் கையைச் சற்று உயர்த்தி, தோள் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, கணக்குப் பாடம் நடத்துவது போன்ற முகம். எண்ணெய் தீர்ந்ததும் எஞ்சின் நின்றது. விமானம் சத்தமில்லாமல் அரைச் சுற்று மிதந்து வந்து, மைதான ஓரத்துத் தேயிலைச் செடியில் மூக்கை வைத்தது. காற்றாடி மட்டும் உடைந்தது. இறக்கைக்கு ஒன்றுமில்லை. அந்த இறக்கை பறக்கும். நான் சொன்னது சரி.

சாட்சிக்கு வீடியோ ஒன்று இருக்கிறது. தன் முகமும் விமானமும் சேர்ந்து விழும்படி ஒரு பெண் முன்பக்கக் கமராவில் எடுத்தது. அந்தக் கமரா கண்ணாடி போல இடம்வலம் மாற்றிவிட்டது. கோயில் பெயர்ப்பலகை எழுத்துகள் திரும்பி நிற்கின்றன, விமானம் மிக அழகாக இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. இதை அந்தக் குழுவுக்கு அனுப்பினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அனுப்பவில்லை. திருப்பிப் போடலாம் என்று என் மகள் சொல்கிறாள். திருப்பிப் போட்டது என்று அதற்கும் சொல்வார்கள்.

கிளம்பும்போது மறுபடி அதே இழுபறி. இந்த முறை சீக்கிரம் முடிந்தது. பறப்பதைப் பார்த்த பிறகு அதைப் பிரித்து இறக்கையை மட்டும் சாரத்தில் சுற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெறுங்கையோடு இறங்கவும் நான் தயாரில்லை. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பிடியை எடுத்து என் பையில் வைத்தார்.

"விமானம் இங்க இருக்கட்டும். கைப்பிடிய நீங்க வச்சுக்குங்க. அப்பதான் எஞ்சின ஸ்டார்ட் பண்ண ஆள் வரும்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாட்களில் மைதானத்தில் கொழுந்து லொறி நிற்கும். காலையில் போங்கள், பகல் இரண்டு மணிக்குப் பிறகு மூட்டம் இறங்கிவிடும். கலஹாவில் ராஜுவைக் கேளுங்கள், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கொடுக்காதீர்கள். பழைய எஞ்சின் எங்கே கிடைத்தாலும் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், உறைந்த எண்ணெயை மெல்லச் சூடுகாட்டி இளக்குங்கள். டீச்சர் வீட்டில் எதையும் விலை கேட்காதீர்கள்.

அந்த இறக்கை பறக்காது என்று எழுதியவர்களும் தாராளமாகப் போகலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் கைப்பிடி கண்டியில் என் வீட்டில் இருக்கிறது. என்னிடம் வந்து, அது பறக்கும் என்று தெரியும் ஐயா என்று வாயால் சொன்னால், நானே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகிறேன்.