மறுபாட்டுக்காரி த்ரெஃபின்

லான்வெலெக்கிலிருந்து நகரத்துப் பள்ளிக்குப் போகும் எங்கள் பேருந்தில் வானொலி பேசாது. கடைசி இருக்கைக் கும்பலான நாங்கள்தான் சூயிங்கம் வைத்து அடைத்துவிட்டோம் என்று பேருந்து நிறுவனத்தில் ஒரு பேச்சு. மற்ற எல்லாவற்றிலும் எங்களுக்குப் பங்கு உண்டு, இதில் இல்லை. ஓட்டுநர் த்ரெஃபின் போஸ்தொலெக் வேலைக்கு வந்த முதல் வாரமே அதன் கம்பியைத் தன் கையாலேயே உருவிவிட்டாள். "பாட்டு தெரிஞ்சவ வண்டியில இது எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று கேட்டாள். பிறகு பாடினாள்.

த்ரெஃபினுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தோள் அகலம் கதவு அகலம். முன்பு பால் லாரி ஓட்டினாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சிக்கொண்டு வரும் வேலை. நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்துக்கு வந்ததற்கு அவள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: லாரியில் கூடப் பாட ஆள் இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்டப் பாட்டைத் தனியாகப் பாட முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு வரியைப் பாடுவார். அவர் முடிக்கும் முன்பே மற்றவர் அந்த வரியின் கடைசிச் சொற்களில் வந்து சேர்ந்துகொண்டு, அதே வரியைத் தான் பாடுவார். இவர் முடிக்கும் முன்பு அவர் வந்து சேர்ந்துகொள்வார். இப்படியே ஒரு மூச்சு இடம்கூட விடாமல் போகும். மத்தளம் கிடையாது, பிடில் கிடையாது. கைகோத்து வரிசையாக ஆடுகிற நூறு பேரின் கால்களும் அந்தச் சேர்கிற இடத்தை நம்பித்தான் தரையை விட்டுக் கிளம்புகின்றன. முதலில் பாடுகிறவருக்குப் பெயர் கிடைக்கும். மறுபாட்டுப் பாடுகிறவருக்குத் தொண்டை வறளும். த்ரெஃபின் பிறவி மறுபாட்டுக்காரி. சின்ன வயதில் அக்காவுக்கு மறுபாட்டு. அக்கா பாரிஸுக்குப் போன பிறகு தபால்காரரான ஒன்றுவிட்ட தம்பி ரிவலுக்கு. இப்போது, வார நாட்களில், எங்களுக்கு.

எங்களுக்கு அவள் எதையும் கற்றுத் தரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்தில் ஆடினாலும் காதில் விழுவதுதானே. பேருந்தில் யாராவது ஒரு வரியை எடுத்தால் ஸ்டீயரிங்கிலிருந்து பதில் வரும், அவ்வளவுதான். வீட்டில் பிரெஞ்சு மட்டும் பேசுகிற பிள்ளைகளும் எட்டு மணிக்கு எங்கள் பக்கத்துப் பழைய மொழியான பிரெத்தோனில் தொண்டை கிழியக் கத்துவார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஹாரிக்குத்தான் எங்கள் எல்லாரையும் விட நல்ல குரல். அதை நாங்கள் அவனிடம் சொல்வதில்லை.

பழைய பாட்டு தீர்ந்தால் புதிது கட்டுவோம். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றிப் பாட்டு வந்துவிட்டால் அவர் ஆள் ஆகிவிட்டார் என்று அர்த்தம். கணக்கு வாத்தியாரைப் பற்றி ஒன்று இருக்கிறது, அவர் மூக்கைப் பற்றி ஒன்று தனியாக இருக்கிறது. அவரே வராந்தாவில் அதை முணுமுணுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். பாவம், எங்கே கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வம்பு பெர்நெஸ் விஷயத்தில் வந்தது.

பெர்நெஸ் பன்றி வளர்க்கிறவர். கவோத் என்கிற எங்கள் வரிசை ஆட்டத்தில் தலையில் நிற்பவர். அவர் எங்கே இழுக்கிறாரோ அங்கே நூறு பேரும் போவார்கள். ஆகஸ்டில் கோயில் திருவிழா ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வயலில் ஆட்டம். மேடையில் ரிவலும் த்ரெஃபினும். நல்ல வெயில். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் பெர்நெஸ் தடுமாறினார். ஒரு கால் காற்றில் நின்றது, பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார், வரிசை அப்படியே நெளிந்து கோணலாகி நின்றுவிட்டது. ஒரு கிழவரின் தொப்பி உருண்டு போனது. சிரிப்பு. அவ்வளவுதான்.

"அவ இடைவெளி விட்டா!" என்று பெர்நெஸ் கத்தினார். "வரியைப் பிடிக்க வேண்டிய இடத்துல மூச்சு வாங்கினா!"

"நானா?" என்றாள் த்ரெஃபின் மேடையிலிருந்து. "என் வாயில இடைவெளியா? ஆப்பிள் சைடரைக் கம்மியாக் குடிய்யா!"

செப்டம்பரில் பள்ளி திறந்த திங்கட்கிழமை பேருந்தில் புதுப் பாட்டு வந்தது. கட்டியவள் த்ரெஃபினேதான்.

*பெர்நெஸுக்குக் காலு ரெண்டு, அவன் பன்னிக்குக் காலு நாலு,*
*தப்பாம தாளம் மிதிச்சது எது? தொழுவத்துல போய்க் கேளு!*

இதை எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடியது ஸ்தெரென். பதின்மூன்று வயது, பெர்நெஸின் ஒரே மகள். பேருந்தில் பாடியது போதாதென்று அன்று இரவு வீட்டில் சூப் குடித்துக்கொண்டே பாடியிருக்கிறாள்.

மறுநாள் காலை பெர்நெஸ் குறுக்குச் சாலை நிறுத்தத்தில் ரப்பர் பூட்ஸோடு நின்றார்.

"த்ரெஃபின், என் பன்னியப் பத்தி என்ன வேணா பாடு. என் பொண்டாட்டியப் பத்திக்கூடப் பாடு, அவளே சிரிப்பா. ஆனா நான் அடி தப்பினேன்னு பாடாதே. தப்பு உன்னோடது. இடைவெளி விட்டது நீ."

"வழிய விடு, பிள்ளைங்களுக்கு நேரமாகுது."

"சொல்லு, நீதான்னு."

"போய்யா, பன்னி பசியா இருக்கும்."

கதவு மூடிக்கொண்டது. பெர்நெஸ் அன்றே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார். ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது பாடுகிறார், பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து.

நிறுவனம் த்ரெஃபினைக் கூப்பிட்டது. வண்டி ஓடும்போது பாடக்கூடாது. மீறினால் விமான நிலையத் தடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஏறுகிறவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கைபேசியைப் பார்ப்பார்கள். த்ரெஃபின் யோசித்து, ஓட்டும்போது பாட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்களை விட்டுப் போக மனமில்லாமல்தான் கொடுத்தாள் என்பது கடைசி இருக்கைக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கும் மானம் உண்டு.

"பரவாயில்லையா, அத்தை?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கப்பா பள்ளிக்கூடத்துல நம்ம மொழி பேசினதுக்குக் கழுத்துல மரக்கட்டைச் செருப்பை மாட்டி நிக்க வச்சாங்க. அன்னிக்கு அவர் வாய மூடினாரு," என்றாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "இப்ப நானும் மூடிட்டேன். குடும்ப வழக்கமாயிடும் போலிருக்கு. உக்காருடி."

வானொலிக் கம்பியை அவளே திரும்பச் சொருகினாள். மெத்தை விளம்பரமும் வானிலையும் கேட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனோம். மழை வரும் என்றது. எங்கள் ஊரில் அதற்கு வானொலி வேண்டுமா? பேருந்து பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறை மாதிரி ஆகிவிட்டது. ஹாரி கைபேசியில் மூழ்கினான். த்ரெஃபினின் உதடுகள் தையல் போட்டது போல இருந்தன. வளைவுகளில் மட்டும் அவள் விரல் ஸ்டீயரிங்கைத் தட்டும், பிறகு நினைவு வந்து நிறுத்திக்கொள்ளும். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

வாக்கைக் காப்பாற்றுகிறாளா என்று பார்க்க ஒரு வியாழக்கிழமை நிறுவனத்திலிருந்து மதாம் கெரிவென் ஏறினாள். நேர்த்தியான சாம்பல் கோட்டு. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. ஓட்டும்போது பாட மாட்டேன் என்பதுதானே வாக்கு, அதற்குச் சாட்சியும் ஏறிவிட்டாள், நல்ல நாள்தான் என்று எனக்குப் பட்டது.

"யாரும் மறுபாட்டு எடுக்கக் கூடாது," என்று இருக்கை இருக்கையாகச் சொல்லி அனுப்பினேன். "எடுத்தவன் காலணி ஜன்னல் வழியாப் போகும்."

பாலம் தாண்டியதும் நான் ஒரு பழைய வரியை எடுத்தேன். பாடினேன், கடைசிச் சொல் வரை பாடினேன். யாரும் பிடிக்கவில்லை. வரி அப்படியே அந்தரத்தில் தொங்கியது. வானொலியில் ஒருவன் மெத்தை விற்றான். இரண்டாவது வரி. அதுவும் தொங்கியது. கண்ணாடியில் த்ரெஃபினின் காதுகள் சிவந்துகொண்டு வந்தன. வாழ்நாளில் ஒருவரின் வரியையும் அவள் கீழே விழ விட்டதில்லை, ஆகஸ்ட் விவகாரத்தை விட்டுவிட்டால். மூன்றாவது வரியை ஆரம்பித்தேன்.

பேருந்து சமிக்ஞை விளக்குப் போட்டது. சாலையோரத்தில் பால் லாரிகள் திரும்புகிற அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றது. கைத்தடையை இழுத்தாள். இயந்திரத்தை அணைத்தாள். வானொலியும் செத்தது. த்ரெஃபின் எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நின்று, என் வரியின் வாலைப் பிடித்தாள்.

அம்மாடி! பத்து நாள் அடைத்து வைத்த குரல் அது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அதற்குப் பிறகு என் காலணி மிரட்டலை யாரும் மதிக்கவில்லை. ஹாரி சேர்ந்தான், ஸ்தெரென் சேர்ந்தாள், குழந்தைகள் தரையை மிதித்த மிதியில் பேருந்து தொட்டிலாக ஆடியது. மதாம் கெரிவென் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்தபோது கதவை யாரோ தட்டினார்கள். த்ரெஃபின் திறந்தாள். கையில் வாளியோடு பெர்நெஸ். நாங்கள் நின்றது அவர் பண்ணைப் பாதையின் முனையில்.

"என் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறே."

"நிக்கிறேன்தானே? ஓட்டல. மதாம் சாட்சி."

"உண்மைதான்," என்றாள் மதாம் கெரிவென். "ஓட்டும்போது அவங்க பாடல. அதுல எனக்குப் புகார் இல்ல. ஆனா இது நிறுத்தம் இல்ல. நிறுத்தம் இல்லாத இடத்துல பிள்ளைங்களோட வண்டி நின்னா தப்பு. நாளைக்கும் நின்னா நான் இவங்களை வேற தடத்துக்கு மாத்தியே ஆகணும், வேற வழியில்ல."

"அப்ப இங்க ஒரு நிறுத்தம் குடுத்திடுங்க," என்றேன் நான்.

"இங்க ஏற ஒரு பிள்ளை வேணும். அந்த வீட்டுக்காரங்க கேக்கணும்."

அந்தப் பாதையில் இருப்பது ஒரே வீடு. முழுப் பேருந்தும் பெர்நெஸைப் பார்த்தது.

"அப்பா, என் பூட்ஸப் பாருங்க," என்றாள் ஸ்தெரென். "குறுக்குச் சாலை வரைக்கும் தினமும் சேத்துல நடக்கறேன்."

பெர்நெஸ் வாளியைக் கீழே வைத்தார். "கேக்கறேன். இப்பவே கேக்கறேன். முதல்ல அவ சொல்லட்டும், ஆகஸ்ட்ல இடைவெளி விட்டது யாருன்னு."

த்ரெஃபின் கையைக் கட்டிக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்."

"அத்தை..."

"விமான நிலையத்துக்கே போறேன். சொல்ல மாட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் பேசுகிற முகம் இல்லை அது, வலிக்கிற முகம். அன்று மேடையில் மூச்சு வாங்கியது அவளுக்குத் தெரியும். கோபம் பெர்நெஸ் மேல் இல்லை, தன் நெஞ்சு மேல். மறுபாட்டுக்காரியிடம் போய் "இடைவெளி விட்டேன் என்று சொல்" என்றால், நீ நீ இல்லை என்று சொல் என்பது மாதிரி.

ஆனால் மறுபாட்டுக்காரி தானாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் பாடுகிறவர் எதைப் பாடுகிறாரோ அதைத்தான் அவள் பாட வேண்டும். எனக்குக் கணக்கு வராது, இது வந்தது. கதவுப் படியில் இறங்கி நின்று, அந்த நேரத்தில் வாயில் வந்ததை எடுத்தேன்.

*கோயில் வயலில் ஆகஸ்ட் வெயிலில் த்ரெஃபின் மூச்சு வாங்கினாள்...*

த்ரெஃபின் என்னைப் பார்த்தாள். தோலை உரித்து உப்புப் போடப் போகிற பார்வை. வரி முடிந்துகொண்டிருந்தது. பிடித்தால் குற்றத்தைப் பாட வேண்டும். பிடிக்காவிட்டால் நிறுவனத்து அம்மாள், ஒரு பேருந்துப் பிள்ளைகள், பெர்நெஸ் இத்தனை பேர் முன்னால் இடைவெளி விட்டவள் ஆவாள்.

பிடித்தாள்! முழு நெஞ்சையும் திறந்து பிடித்தாள், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், *த்ரெஃபின் மூச்சு வாங்கினாள்* என்று மலைக்குக் கேட்கும்படி.

*பிடிக்க வேண்டிய வரியை விட்டாள், பெர்நெஸ் காலோ அந்தரத்தில்...*

அதையும் பிடித்தாள்.

*பாவம் பெர்நெஸ், தரையைத் தேடி...*

"நிறுத்து, நிறுத்து!" என்றார் பெர்நெஸ். "'பாவம்' வேணாம். அதை எடுத்திடு."

"வேற என்ன போடறது?"

"'கெட்டிக்காரன்' போடு."

"அது பாட்டுல உக்காராது, மாமா."

"உக்காரும். உக்கார வை."

த்ரெஃபின் சிரித்துவிட்டாள். பத்து நாளுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. "பன்னிய 'கெட்டிக்காரப் பன்னி'ன்னு மாத்திக்கறோம்ய்யா, உனக்குச் சம்மதமா?"

பெர்நெஸ் வாளியை எடுத்துக்கொண்டார். மதாம் கெரிவெனைப் பார்த்துச் சொன்னார்: "எம் பொண்ணு இனிமே இங்கதான் ஏறுவா. நிறுத்தம் வேணும். பேர்ப் பலகையில நம்ம மொழிதான் மேல இருக்கணும், பிரெஞ்சு கீழ."

"பலகை நகராட்சி வேலை," என்றாள் மதாம்.

"அப்ப அங்கயும் போய்க் கத்தறேன்."

கத்தியிருக்கிறார். நவம்பரில் கம்பம் நட்டார்கள், எங்கள் மொழி மேலே. நேர அட்டவணையிலும் அங்கே கொஞ்சம் நிற்கச் சொல்லி வந்துவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் இப்போது பள்ளி வாசலில் எங்கள் பேருந்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், இறங்கும்போது நாங்கள் இன்னும் எதைப் பாடிக்கொண்டு வருகிறோம் என்று. வேறு தடத்துப் பேருந்திலிருந்து இரண்டு பேர் எங்கள் தடத்துக்கு மாற முடியுமா என்று கேட்டார்கள். வீட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

தினமும் காலையில் இயந்திரத்தை அணைத்துவிட்டு த்ரெஃபின் எழுந்து நிற்கிறாள். பதின்மூன்று வயது மகளைப் பேருந்து ஏற்றிவிட பெர்நெஸ் நேரில் வருகிறார், வாளியோடு, திறந்த கதவுக்கு வெளியே. அவர் பூட்ஸ் சேற்றில் மெல்ல ஆட்டத்தின் அடி வைக்கிறது. த்ரெஃபின் அந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பாடுகிறாள். இடைவெளியே விழாதபடி என் வரியைப் பாதியிலேயே பறித்துக்கொள்கிறாள், எனக்குப் பாட இரண்டு சொல் மிஞ்சினால் பெரிது. கேட்டால், "நீ மெதுவாப் பாடறேடி," என்கிறாள்.