சீட்டின் மூலையில் எழுதிய சாராயம்

நான் குடிக்கிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லவேண்டிய இடத்தில் என்னை யாரும் சொல்லவிடவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏறும்போது ஆட்கள், இறங்கும்போது ஆட்களோடு சாமை மூட்டையும் கிழங்கு மூட்டையும். ஒருநாள் மலைப்பாதையில் இடது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால், எதிரே இருந்த கரண்டுக் கம்பம் நடுவில் வளைந்து நிற்கிறது. கையை எடுத்தேன், நேராகிவிட்டது. மறுபடி பொத்தினேன், மறுபடி வளைந்தது. பக்கத்து சீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கலரில் ஒரு மறைப்பு. 

அன்றைக்கு ஊர்ந்து ஊர்ந்து கீழே இறங்கி, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். ஒரு கண்ணை நம்பி, பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டுப் போடுகிற அம்மா பேர் கேட்டார், வயசு கேட்டார், ஊர் கேட்டார்.

"டவுன்தாங்க, கருணாபுரம்" என்றேன். பேனா நின்றது.

"இன்னா உனுக்கு?"

"ஒரு கண்ணு மங்கலா தெரியுதுங்க. கம்பம்லாம் வளைஞ்சி தெரியுது."

"குடிச்சியா?"

"இல்லீங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிக்கினு வர்றீங்க."

சீட்டின் மூலையில் 'சாராயம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

எங்கள் கருணாபுரத்தில் அத்தனை பேரைக் கொன்ற விஷச் சாராயத்தைக் குடித்துத்தான் என் அண்ணனும் செத்தான். அந்த வாரம் எங்கள் தெருவில் அழாத வீடு இல்லை. கண்ணு தெரியலடா, கண்ணு தெரியலடா என்று அவன் கத்தினதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். அந்த வாடை அடித்தாலே எனக்குக் குமட்டும். என்னைப் பார்த்துக் குடிச்சியா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

உள்ளே இருந்த டாக்டர் முதலில் பார்த்தது என் கண்ணை இல்லை, சீட்டை. அப்புறம் அரை நிமிஷம் டார்ச் அடித்தார். "சாராயத்துல நரம்பு போச்சின்னா திரும்பாதுப்பா. மாத்திரை எழுதறேன், குடிய நிறுத்து."

"நான் குடிக்கிறதே இல்லீங்க சார்" என்றேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மாத்திரை தீர்ந்ததும் மறுபடி போனேன். அதே சீட்டு, அதே மாத்திரை. மூன்றாவது தடவையும் அதேதான். இப்படியே மூன்று மாசம் ஓடிவிட்டது. முகங்களின் நடுவிலிருந்த மறைப்பு பெரிசாகிக்கொண்டே போனது. முதலாளி வேறு டிரைவர் வைத்துவிட்டார். நான் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன்.

கடைசியில் என் பொண்டாட்டிதான் வழி சொன்னாள். "யோவ், எங்கம்மா வூட்டு அட்ரஸ சொல்லு. தியாகதுருகம்னு சொல்லு. அந்தப் பழைய சீட்ட எடுத்துக்கினு போவாத."

பிறந்த தெருவை மறைக்கச் சொல்கிறாளே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"கத்தாத. கண்ணு வேணுமா, வேணாமா?" என்றாள்.

போனேன். அதே கவுண்டர், அதே அம்மா. என்னை அடையாளம்கூடத் தெரியவில்லை. தியாகதுருகம் என்றேன். "உக்காருங்க, கூப்புடுவாங்க" என்றார். அடேங்கப்பா! பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வந்துவிடும் ஊர், அதற்கே இந்த மரியாதை.

இந்தத் தடவை உள்ளே வேறு டாக்டர், சின்ன வயசுப் பெண். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். ஒரு மெஷினில் தாடையை வைத்து, உள்ளே தெரிந்த பச்சை வெளிச்சத்தையே பார்க்கவேண்டும், அவ்வளவுதான். வலியில்லை, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷத்துக்கா மூன்று மாசம் அலைந்தேன்!

டாக்டர் படத்தைக் காட்டினார். கிணறு வெட்டும்போது பக்கவாட்டில் தெரிகிற மண் மாதிரி என் கண்ணின் உட்புறம் அடுக்கடுக்காக இருந்தது. அடுக்குகளுக்கு நடுவில் கருப்பாக ஓர் உப்பல்.

"அது தண்ணிங்கண்ணா. மூளைக்குப் போற நரம்பு கண்ணுல ஆரம்பிக்கிற எடத்துல உங்களுக்குப் பொறக்கும்போதே ஒரு சின்னக் குழி இருக்கு. அந்தக் குழியாலதான் தண்ணி சேந்து, பார்வையோட நடு மையத்துல தேங்கி நிக்குது."

"சாராயத்தாலயா மேடம்?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சாராயமா? அதுல பொதுவா ரெண்டு கண்ணும் சேந்து பாதிக்கும். கம்பம் வளைஞ்சி தெரியாது. இது வேற."

பிறவிக் குழி! என் அம்மா வயிற்றிலேயே வந்த குழிக்கு என் தெருவின் மேல் பழி போட்டிருக்கிறார்கள். 

"ஆபரேஷன் பண்ணலாம். ஆனா தண்ணி ரொம்ப நாளா நின்னிருக்கு. முழுப் பார்வையும் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. ஏங்கண்ணா, மங்க ஆரம்பிச்சப்பவே வந்திருக்கக் கூடாதா?"

பொண்டாட்டி பேச்சைக் கேட்காமல் பழைய சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தேன்.

"வந்தேன் மேடம். மூணு வாட்டி வந்தேன்."

மூலையில் கோடு போட்டிருந்ததைப் படித்தார்.  பிறகு ஆபரேஷனுக்கான ஃபாரத்தை இழுத்து, "அட்ரஸ் சொல்லுங்க" என்றார்.

"கருணாபுரம்" என்றேன். "நல்லா பெருசா எழுதுங்க."