மேரியின் தங்கைக்கு நான் கட்டிய வீடு

1. முதல் நாள்

நான் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் நாளே கல்முனைக்குடிப் பொம்பிளைகள் என்னை வேலையிலிருந்து துரத்தப் பார்த்தார்கள். குற்றம் என்னுடையதல்ல. மேரி இடக்கையால் சாப்பிட்டாள்.

மேரி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய் இலவசமாகப் படம் காட்டும் வேன் ஒன்று கிழக்குக் கரையிலிருக்கும் எங்கள் பக்கம் வந்தது. படவண்டி என்போம். அதில் எனக்கு விளக்கவுரையாளர் வேலை. ஆங்கிலப் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று, நடப்பதை மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். கொழும்புத் தலைமைக் கந்தோர் எங்களுக்குத் தந்தது ஒரே ஒரு படம், இரண்டு ரீல். அமெரிக்க நகரம் ஒன்றில் வாழும் சாதாரணப் பெண்ணின் ஒரு நாள். அவள்தான் மேரி. காலையில் குசினியில் புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் முட்டை பொரிப்பாள். அவர்களை அனுப்பிவிட்டு ஒரு மெஷினால் வீடு கூட்டுவாள், இன்னொரு மெஷினால் உடுப்புத் தோய்ப்பாள், கடைக்குப் போவாள். பின்னேரம் தங்கச்சி ஒருத்தி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். சாப்பாடு முடிந்ததும் புருஷன் கோப்பை துடைப்பான். கதை அவ்வளவுதான். மண்ணெண்ணெய் விளக்கில் வாழும் நாங்கள் இதைப் பார்த்தால் முன்னேறிவிடுவோம் என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

விளக்கவுரையும் கொழும்பிலிருந்தே தட்டச்சில் வந்தது. ‘இல்லத்தரசி மேரி குளிர்பேழையின் கதவினைத் திறந்து பாற்போத்தலை எடுக்கின்றாள்.’ கண்ணுள்ளவனுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிவதைச் சொல்ல எனக்கு மாதச் சம்பளம்.

ஆண்கள் திரைக்கு முன்னால், பொம்பிளைகள் திரைக்குப் பின்னால். அதுதான் ஊர் ஒழுங்கு. கந்தோர் தந்த தடித்த திரையில் பின்பக்கம் ஒன்றும் தெரியாது என்பதால், புரொஜெக்டர் ஓட்டும் ஆதம்பாவா மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினான். படம் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தது. பின்பக்கத்தில் வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தெரியும் என்பதை மைக் பிடித்த மேதையும் யோசிக்கவில்லை, ரீல் பிடித்த மேதையும் யோசிக்கவில்லை.

மேரி தன் சின்னப் பிள்ளைக்குக் கரண்டியால் ஊட்டும் இடத்தில் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கதிசா உம்மா. பன்பாய் இழைத்து விற்கிறவர். அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“என்ன தம்பி இது? பச்சப் புள்ளைக்கு இடக்கையால தீத்துறாள். இதப் பாத்து எங்கட புள்ளைகளும் பழகட்டுமெண்டா கொண்டு வந்த?”

“அது வலக்கைதான் ராத்தா. பின்னால இருந்து பாக்கக்குள்ள மாறித் தெரியும்.”

“எங்கட கண்ணுல என்ன கோளாறு கிடக்கு? எழும்புங்க புள்ளைகள், போவம்.”

பொம்பிளைகள் எழுந்து போனால் ஆண்களும் போவார்கள். கூட்டம் இல்லாவிட்டால் வேன் வேறு பக்கம் போய்விடும். வேன் போனால் என் வேலையும் போகும். அது தற்காலிக வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதைப் பற்றி யோசிப்போம் என்றிருந்தார்கள். என் கலியாணமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். சாய்ந்தமருதில் எனக்கொரு பெண்ணும் அவளுக்கொரு வீடும் பேசி வைத்திருந்தார்கள். மாமா ஆக இருந்தவர் வீட்டுச் சாவி விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்:

“உத்தியோகம் நிரந்தரமெண்டா வீட்டுத் தொறப்பக் கையில தாறன். தற்காலிகமெண்டா ஸலாம் மட்டும் தாறன்.”

உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஆகவே மைக்கில் சொன்னேன்: “மேரி சின்ன வயதில் விழுந்து வலக்கை முறிந்தவள். பாவம், அன்று தொட்டு இடக்கைதான்.”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கேள்வி வந்தது. “அப்ப புருசனும் புள்ளைகளும் ஏன் இடக்கையால திங்கிற?”

“அவள் மனம் நோகக்கூடாதென்று புருஷனும் அப்படியே சாப்பிடுகிறார். பிள்ளைகளையும் அப்படிப் பழக்கியிருக்கிறார்.”

துணிக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு எழுந்தது. அப்படி ஒரு புருஷனை அவர்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. முன்னாலிருந்த ஆண்கள் மேரியின் புருஷன் வலக்கையால் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டேதான் இதையெல்லாம் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் படம் முடிந்ததும் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவர்கள்.

2. கட்டட வேலை

அதற்குப் பிறகு கொழும்பு எழுதித் தந்த கடதாசியை நான் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

“இந்த வீடு மேரிட சீதனமா?” என்றார்கள். ஓம் என்றேன். இல்லையென்று சொன்னால் அவளை ஒரு குடும்பத்துப் பெண் என்று யார் மதிப்பார்கள்? “தேத்தண்ணி குடிக்க வாற தங்கச்சிக்கு வீடு இரிக்கா?” என்றார்கள். அவளுக்கு ரோசி என்று பெயர் வைத்து, அவளுடைய வாப்பா அத்திவாரம் வெட்டிவிட்டார் என்று சொன்னேன்.

கொழும்பு வேறு படம் அனுப்பினால்தானே. மருதமுனை, நிந்தவூர், மாவடிப்பள்ளி என்று அதே இரண்டு ரீலைச் சுற்றிக்கொண்டு மாதக் கடைசியில் மறுபடி கல்முனைக்குடிக்கு வருவோம். கதிசா உம்மா குளிர்பேழையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். “ரோசிட வீடு எந்த மட்டுல நிக்கி தம்பி?” என்பதுதான் முதல் கேள்வி. சுவர் எழும்பியது. நிலை வைத்தோம். கூரையில் வந்து நின்றபோது, ஓட்டுக்குத் தட்டுப்பாடு என்று ஒரு மாதம் இழுத்தேன். அந்தக் காலத்தில் அரசாங்கம் கட்டிய எந்தக் கட்டடமும் இந்த வேகத்தில் எழும்பவில்லை.

கூட்டம் பெருகியது. கூட்டத்தைப் பற்றி ஆதம்பாவா எழுதியனுப்பிய ரிப்போட்டைப் பார்த்துக் கந்தோர் குளிர்ந்து போனது. அமெரிக்க வாழ்க்கைமுறையில் கிழக்குக் கரைப் பெண்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று கடிதம் போட்டார்கள். ஆர்வம்தான்.

3. நோனா வந்த நாள்

ஆறாம் மாதம் மேலதிகாரி கல்முனைக்குடிக்கு நேரில் வந்தார். கழுத்தில் டை. எங்கள் காற்று அதை அவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கூடவே ஒரு வெள்ளைக்கார நோனா. கல்லோயா அணைக்கட்டில் மெஷின் திருத்த வந்த அமெரிக்கக்காரர் ஒருவரின் மனைவி, டொரதி என்று பெயர்.

“மிஸ்டர் இப்றாலெவ்வை, உம்மைப் பற்றி நல்ல ரிப்போட்” என்றார் மேலதிகாரி. “இன்று ஓர் அசல் அமெரிக்க நகரப் பெண்மணி பெண்களுடன் அமர்ந்து கலந்துரையாடுவார். அதைப் பார்த்துவிட்டு உமது நிரந்தர நியமனத்தை முடிவு செய்வேன்.”

நோனாவுக்கு மொழிபெயர்க்க கல்முனையில் படிப்பிக்கும் கனகம்மா ரீச்சரைக் கூட்டி வந்திருந்தார்கள். இருவரும் துணிக்குப் பின்னால் போனார்கள். மேலதிகாரி முன்வரிசைக் கதிரையில், ஜெனரேற்றர் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் துணியோரம் நின்றதால் எனக்கு மட்டும் பின்பக்கத்துப் பேச்சுக் கேட்கும். முதல் ரீல் முடிந்து, ஆதம்பாவா மற்ற ரீலை மாட்டும்போது அது நடந்தது.

“ரீச்சர், ரோசிட வீடு ஓடு போட்டாச்சா எண்டு நோனாட்டக் கேளுங்க” என்றார் கதிசா உம்மா.

ரீச்சர் கேட்டார். நோனா சிரித்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

“அங்க பொம்பிளப் புள்ளைக்கு வீடு கட்டிக் குடுக்கிற வழக்கமே இல்லையாம். மேரி இருக்கிற மாதிரி வீடெண்டா அது புருசன்ட பேரில இருக்குமாம்.”

“அப்ப நோனாட வீடு?”

“சின்ன வாடகை வீடாம். இந்தப் படத்தில வாற குசினி மாதிரி அவங்க கடை ஜன்னல்லதான் பாத்திருக்காங்களாம்.”

“வாப்பா ஒண்டும் குடுக்கல்லையா?”

“அப்பாட வீடு அண்ணனுக்காம். புருசனுக்கு எங்க வேலையோ அங்க பெட்டியத் தூக்கிட்டு இவங்களும் போறாங்களாம்.”

“பெட்டி தூக்கிறது மாப்பிள்ளைட வேலையெல்லோ” என்று ஒருத்தி சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கதிசா உம்மா சிரிக்கவில்லை.

“புருசன் கோவத்துல வெளிய போ எண்டா, இந்தப் புள்ள எங்க போகும்?”

ரீச்சர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார்.

“தெரியாதாம்” என்றார் ரீச்சர்.

மைக்கைப் பிடித்தபடி துணியோரத்திலேயே நின்றேன். பயம் பாதி, வெட்கம் பாதி. பயம் எதற்கென்று உடனே தெரிந்தது.

“அப்ப இந்தத் தம்பி இவ்வளவு நாளும் எங்களுக்குப் பொய்யா சொன்ன?” என்று ஒருத்தி கேட்டாள். “முன்னால ஐயா இரிக்காரு, அவருட்டப் போய்ச் சொல்லுவம்.”

நான் சாய்ந்தமருது வீட்டின் திறப்பை மனத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“இரி புள்ள” என்றார் கதிசா உம்மா. “அவன் சொன்ன பொய்தான். எண்டாலும் வீட்டக் கட்டித்தானே பொய் சொன்னான், இடிச்சுச் சொல்லல்லையே. அந்தப் பாய எடு.”

ரோசியின் கலியாணத்துக்கென்று அவர்கள் ஒரு பன்பாய் இழைத்து வைத்திருந்த விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையும் ஓட்டி, பார்த்துப் பார்த்து இழைத்த பாய்.

“இந்தா மகள், நீ வெச்சுக்க. ரீச்சர், சொல்லுங்க. இது அவட புருசனுக்கில்ல, அவவுக்கு. இந்தப் பாயாவது அவட பேருல கிடக்கட்டும்.”

ரீச்சர் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, நோனா அழத் தொடங்கிவிட்டாள்.

இரண்டாவது ரீல் ஓடியது. பொக்கற்றிலிருந்த கடதாசியை எடுத்து, இல்லத்தரசி மேரி என்ன செய்கின்றாள் என்று எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். துணிக்குப் பின்னால் ஒருவரும் படம் பார்க்கவில்லை.

முடிந்ததும் நோனா சிவந்த கண்ணோடும் கக்கத்தில் பாயோடும் வெளியே வந்தாள். மேலதிகாரி பதறிப் போனார். “என்ன நடந்தது, ரீச்சர்?”

ரீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “வீட்ட நினைச்சு அழுதிட்டாங்க, சேர்.”

அவர் முகம் மலர்ந்து என் தோளில் தட்டினார். “பார்த்தீரா, படத்தின் சக்தியை? ஊர் ஞாபகம் வந்துவிட்டது.”

4. நியமனக் கடிதம்

அடுத்த மாதம் கடிதம் வந்தது. அமெரிக்கப் பெண்மணியே கண்கலங்கும் அளவுக்கு விளக்கவுரை தத்ரூபமாக அமைந்தபடியால் என்னை நிரந்தரமாக்கியிருந்தார்கள். மாமா சொன்ன சொல் தவறாமல் திறப்பைத் தந்தார். நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். நல்ல வீடு. நல்ல பெண். முதல் ஒரு கிழமை எனக்கு அந்த வீட்டில் சரியாக நித்திரை வரவில்லை; நோனாவிடம் கதிசா உம்மா கேட்ட கேள்வி காதிலேயே நின்றது.

ஓய்வு பெற்று இப்படி உத்தியோக நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் கடைசியில் இளைய உத்தியோகத்தர்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது இதுதான். இல்லாத வீட்டை உண்டென்று ஆறு மாதம் பொய் சொன்னேன். எனக்கு உத்தியோகமும் கிடைத்தது, குடியிருக்க வீடும் கிடைத்தது. அந்த நோனா ஒரேயொரு தடவை, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னாள். அவளுக்கு ஒரு பாய் கிடைத்தது.