யாருக்கு எந்தத் துறை? பொன்னாடைக் கடையில் கேளுங்கள்

புது ஆட்சி வந்து, யார் அமைச்சர் என்று தெரியாமல் ஊரே மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் நாலைந்து நாள்தான் பொன்னாடைக் கடைக்காரனுக்குத் தீபாவளி. தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என் கடை. பொன்னாடை, சந்தன மாலை, பூங்கொத்து கிடைக்கும். அந்த நாட்களில் ஜோசியமும் கேட்பார்கள். கல்லாவில் உட்கார்ந்து தெரியாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் ஆரூடம்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் கடை திறக்கும்போதே பல்லாவரத்துக் கட்சிக்காரர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். அமைச்சரவைப் பட்டியல் வருவதற்கு முன்பே வந்து பொன்னாடை போர்த்தியவரைத்தான் அமைச்சர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், பிறகு போனால் கூட்டத்தோடு கூட்டம் என்பது எங்கள் பக்கத்து எழுதாத சட்டம். "கல்வித் துறை யாருக்கு?" என்றார். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்றால் வியாபாரம் படுத்துவிடும். மறைமலை நகரில் வீடு உள்ள எம்.எல்.ஏ. ஒருவர் பழைய வாத்தியார். அவர் பெயரை அடித்துவிட்டேன். கை நிறையப் பொன்னாடையுடன் கிளம்பியவர் சொன்னார்: "டிவில இன்னா வேணா சொல்லட்டும்ணா, உன் கடையில சொன்னா அதான் பைனல்."

ஊர் சுற்றி வந்த சேதி

மத்தியானம் வந்தவர்கள், "வாத்தியாருக்குப் போர்த்துற மாதிரி நல்லதா ஒண்ணு குடுங்க" என்று அவர்களாகவே கேட்டார்கள். சாயங்காலம் டிவி விவாதத்தில் ஒருவர், நம்பத்தகுந்த வட்டாரங்கள் சொன்னதாக அதே பெயரைச் சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் கணிப்பு என்றால் சும்மாவா? உடனே சந்தன மாலைக்குக் கூடுதல் ஆர்டர் போட்டேன். பொன்னாடை மடித்துக்கொண்டிருந்த மேரி அக்கா, அப்பா காலத்திலிருந்தே கடையில் இருப்பதால் என்னைவிடச் சீனியர், தலை நிமிராமலே சொன்னார்: "அந்த வட்டாரமே நீதான் தம்பி. நீ வுட்ட புரளிய நீயே நம்பிக்கினு கீற."

படப்பை டீச்சர்

அடுத்த நாள் கஸ்தூரி டீச்சர் வந்தார். ராமநாதபுரத்துப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. கணவரும் நாலாவது படிக்கும் மகளும் இங்கே பக்கத்தில் படப்பையில். மாறுதல் கேட்டு மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோயிருந்தார். "இப்பல்லாம் போன் பண்ணா பொண்ணு பேச வர மாட்டேங்கிறா" என்றார். புதுக் கல்வி அமைச்சரைக் கூட்டம் மொய்ப்பதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கே நிச்சயமில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனாலும் டிவியே சொல்லிவிட்டதே! "வாத்தியார்தான், தைரியமா போங்க" என்றேன். டீச்சர் பொன்னாடையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு ஒரு நாள்தாண்ணா லீவு மிச்சம், அப்புறம் பேப்பர் திருத்துற டூட்டிக்குத் திரும்பிப் போகணும். உங்க வார்த்தைய நம்பித்தான் போறேன்."

பட்டியல் வந்தது

மறுநாள் பட்டியல் வந்தது. கல்வி வேறு யாருக்கோ போயிருந்தது. வாத்தியார் பெயர் எந்தத் துறையிலும் இல்லை. இரண்டு நாளாக ஊரில் இல்லாத வாத்தியார் அன்று காலையில்தான் வீடு திரும்பியிருந்தாராம். பல்லாவரத்துக்காரர் மறைமலை நகரிலிருந்து நேராக வந்து, போர்த்தாத பொன்னாடைகளை என் மேசையில் வீசினார். அவரை எப்படியும் சமாளித்துவிடலாம். டீச்சரை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தியார் வீட்டில் நிலவரம் என்ன என்று கேட்டேன். "இன்னா நிலவரம்? லைன்ல நின்னவன்லாம் மாலைய சுருட்டிக்கினு எஸ்கேப். ஒரே ஒரு டீச்சரம்மா மட்டும் நின்னுகினு இருந்துச்சு."

மகளோடு வந்தார்

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்து டீச்சர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் சிரித்தார். அன்று எல்லோரும் கலைந்த பிறகு, மனுஷன் பாவம் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று இவர் போய்ப் பொன்னாடையைப் போர்த்தியிருக்கிறார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டதாம். மனுவை வாங்கிப் படித்து, புது அமைச்சரை வாழ்த்தப் போனபோது கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, நடக்கும்வரை விடாமல் கேட்டிருக்கிறார். இப்போது டீச்சருக்குப் படப்பைக்குப் பக்கத்திலேயே பள்ளி. பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பெண் அம்மாவின் கையை விடவே இல்லை. டீச்சர் சொன்னார்: "சாரு அமைச்சர் ஆகியிருந்தா என் மனுவ அவரோட பி.ஏ. வாங்கி கட்டோட கட்டா போட்டிருப்பாருண்ணா. அன்னிக்கு சாருக்கு வேற வேலையே இல்ல, என் மனுவ முழுசா படிச்சாரு."

பதவி கிடைக்கப்போகிறவரைச் சொல்வதில் நான் கோட்டை விட்டிருக்கலாம், ஆனால் கிடைக்காத ஆளை இவ்வளவு கச்சிதமாகக் கண்டுபிடித்துக் கொடுத்த பொன்னாடைக் கடை தாம்பரத்தில் இன்னொன்று கிடையாது.